ஆடும் பற்சக்கரம்: மோட்டார் எஞ்சினில் ஒரு நோயறி முறை

மோட்டார் வண்டியின் எஞ்சினுள்ளே எழும் ஒலிகள் பலதிறத்தன. அவற்றுள் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து எழும் உராய்வொலியும் தட்டொலியும் வண்டி உடையாரைப் பெரிதும் கலங்கச் செய்வன. "எஞ்சின் முழுவதையும் கழற்றிச் செய்ய வேண்டும்" என்னும் தீர்ப்பு அவ்வேளையில் எளிதாகக் கூறப்பட்டுவிடுகின்றது. அத்தீர்ப்பு உண்மையாயின் செலவு தவிர்க்க முடியாதது. பிழையாயின் ஒரு குடும்பத்தின் பல மாத வருவாய் வீணாகும். பல சமயங்களில் நோய் எஞ்சின் முழுவதிலும் பரந்திருப்பதில்லை. கேம் தண்டின் முனையிற் பூட்டப்பட்ட ஒரு பற்சக்கரத்தின் ஆட்டமே அதற்கு மூலமாக இருத்தல் கூடும். அவ்வாட்டத்தை எவ்வாறு அறிவது, எவ்வுறுப்பிலிருந்து அது பிறந்தது என்பதை எவ்வாறு பிரித்துக் காண்பது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

எடுத்துக்காட்டாக, நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்திலே 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வண்டிக்கு 1952 முதல் 803 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ-வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருகிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுட் சில இன்றும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகின்றன. 1990களிற் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயினால் ஓடிய வண்டிகள் இவை. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடித்தொட்டியில் உள்ள எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் சங்கிலியையும் தாங்கிகளையும் காப்பதில்லை. ஆகவே, நாம் கூறப்போகும் நோய் இவ்வகை வண்டிகளுக்குப் புதியதன்று.

அமைப்பு

பிஸ்ரன்களின் ஏற்ற இறக்கத்தாற் சுழலுவது கிராங்குத் தண்டு. வால்வுகளை உரிய காலத்தில் திறப்பது கேம் தண்டு. கிராங்குத் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரமும், கேம் தண்டின் முனையில் அதனிலும் இருமடங்கு பற்களையுடைய பெரிய பற்சக்கரமும் உள. இரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கின்றது. ஆதலின் கிராங்குத் தண்டு இருமுறை சுழலக் கேம் தண்டு ஒருமுறை சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கள் சுழலும்போது பெரிய சக்கரம் 1500 சுற்றுக்கள், அஃதாவது ஒரு செக்கனுக்கு 25 சுற்றுக்கள் சுழல்கின்றது. இவ்வேகத்திலே மயிரிழை அளவான கோணலும் பெருந்தீங்கு விளைக்கும்.

பெரிய சக்கரம் கேம் தண்டின் தோளில் அமர்ந்து, ஒரு சிறு சாவித்துண்டினால் நிலைநிறுத்தப்பட்டு, நட்டினால் இறுக்கப்பட்டுள்ளது. அதன் பின்னாலுள்ள ஒரு தட்டு, தண்டு முன்னும் பின்னும் நகர்வதைக் கட்டுப்படுத்துகின்றது. அந்நகர்வு முற்றாக இல்லாதிருத்தலும் தவறு, 0.003 முதல் 0.007 அங்குலம் வரை இருத்தல் முறை. இந்த இயல்பான நகர்வையும் சக்கரத்தின் கோணலையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முன்னது தண்டின் வழியே நேராக நிகழ்வது. பின்னது சக்கரத்தின் விளிம்பு சுற்றுக்கு ஒருமுறை ஒருபுறம் சாய்ந்து மீள்வது.

கழற்றுமுன் செய்யத்தக்கவை

முதலாவதாக, முன்பக்க ஒலி பிற உறுப்புக்களுடையதன்று என உறுதிசெய்தல் வேண்டும். விசிறி வாரைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுக. ஒலி மறைந்தால் குற்றம் டைனமோவிலோ நீர்ப்பம்பிலோ உளது. எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, வால்வுகளின் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலமாகத் திருத்துக. வால்வுத் தட்டொலியும் எஞ்சின் வேகத்தின் பாதிக்கே ஒலிப்பதாதலின், காதுக்கு இரண்டும் ஒத்துத் தோன்றும். மூன்றாவதாக, பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து கேட்க. அதனால் ஒலி தணிந்தால் பிஸ்ரனையோ அதன் தண்டுத் தாங்கியையோ ஐயுறுக. சங்கிலிப்பக்க ஒலி பெரும்பாலும் இதனால் மாறுவதில்லை. நான்காவதாக, கிளச்சு மிதியை அழுத்தி விடுக. அழுத்தும்போது கிராங்குத் தண்டு முன்னோக்கித் தள்ளப்படும். ஒலி அப்போது மாறுமாயின், தேய்ந்தவை கிராங்குத் தண்டின் நகர்வைத் தடுக்கும் வாஷர்களாதல் கூடும். அத்தண்டுக்குரிய நகர்வு 0.002 முதல் 0.003 அங்குலமே. அது மிகுந்தாற் சிறிய சக்கரம் இடம்பெயரும். பழி பெரிய சக்கரத்தின்மேல் விழும்.

ஒரு நீண்ட திருப்புளியின் நுனியைச் சங்கிலி உறையின்மேலும் பிடியைக் காதோரமும் வைத்துக் கேட்டல் பழைய முறையாயினும் நல்ல முறையே. சுழலும் விசிறிக்கும் வாருக்கும் கை எட்டாதவாறு நிற்றல் அவசியம்.

உறையைக் கழற்றியபின்

இச்சோதனைகளால் ஐயம் நீங்காதாயின் றேடியேற்றரையும் முன் கப்பியையும் அகற்றி உறையைக் கழற்றுதல் வேண்டும். இங்கே கையை வைக்குமுன் கண்ணைச் செலுத்துதல் நன்று. தேய்வின் அடையாளங்களே நோயின் வரலாற்றைக் கூறுவன. துடைத்துவிட்டால் அவற்றுட் சில மறையும்.

பெரிய சக்கரத்தின் பற்களின் பக்கங்களை நோக்குக. எல்லாப் பற்களும் ஒரே பக்கத்திற் பளபளப்பாயின், இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் இல்லை. எல்லாப் பற்களும் இரு பக்கத்தும் பளபளப்பாயின், தண்டின் முன்பின் நகர்வு மிகுந்துள்ளது. சக்கரத்தின் ஒரு பாதியிலுள்ள பற்கள் முன்பக்கத்தும், எதிர்ப்பாதியிலுள்ளவை பின்பக்கத்தும் தேய்ந்திருப்பின், சக்கரம் கோணலாக ஆடுகின்றது. இம்மூன்று வேறுபாடுகளையும் மாணவர் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

உறையின் உட்புறமும் ஒரு சாட்சியாகும். வட்டமான கீறலொன்று அங்கே காணப்படின் சக்கரம் உறையை உரசியுள்ளது. ஆயினும் அவ்வட்டம் மட்டும் ஆட்டத்தை நிறுவாது. ஏனெனிற் சாய்ந்த விளிம்பின் ஒரு புள்ளி சுழன்றாலும் முழு வட்டமே வரையப்படும். சக்கரத்தின் விளிம்பையும் உடன் நோக்குக. அதில் ஓரிடம் மட்டும் உரசப்பட்டிருப்பின் ஆட்டம். சுற்றெங்கும் உரசப்பட்டிருப்பின் சக்கரம் முழுவதுமே முன்னால் வந்துள்ளது. உறையின் சுற்றுச்சுவரில் மட்டும் கீறலிருப்பின் குற்றவாளி தளர்ந்த சங்கிலியே.

அளக்கும் முறை

கண்ணால் ஐயுற்றதைக் கருவியால் உறுதிசெய்க. பிளக்குகளைக் கழற்றி, வண்டியை மேல்கியரில் இட்டு, மெல்லத் தள்ளினால் எஞ்சின் எளிதிற் சுழலும். டயல் கேஜின் முனையைச் சக்கரத்தின் முகத்தில், விளிம்போரமாக வைக்க. டயல் கேஜ் இல்லாதவிடத்து, எஞ்சினில் உறுதியாகப் பொருத்திய கூரிய கம்பியொன்றும், அதற்கும் விளிம்புக்கும் இடையிற் செருகும் அளவுத்தகடுகளும் போதும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்த பின்னரே அளத்தல் வேண்டும். இன்றேல் முன்பின் நகர்வு கோணலோடு கலந்துவிடும்.

முள் ஒரு சுற்றில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கி, அடுத்த சுற்றிலும் அவ்விடத்திலேயே அவ்வாறு செய்தால், அது சக்கரத்தின் அல்லது தண்டின் கோணலாகும். ஒரு சுற்றிற் பலமுறை திடீரெனத் துள்ளுமாயின், தேய்ந்த முன்தாங்கியை ஐயுறுக. வால்வுச் சுருள்வில்கள் எட்டுக் கேம்களையும் மாறிமாறி அழுத்துவதால், தளர்ந்த தாங்கியில் தண்டு அவ்வாறு துள்ளும்.

கோணல் உறுதியானபின் சக்கரத்தைக் கழற்றித் தண்டின் தோளையும் முனையையும் அளக்க. அவை ஆடினால் தண்டே வளைந்துள்ளது. அவை ஆடாவிடின் குற்றம் சக்கரத்திலோ, அது அமரும் இடத்திலோ உளது. இவ்விடத்திற் சிறு கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். அமரும் தோளின் விட்டம் ஒன்றரை அங்குலம் எனவும், சக்கரத்தின் விட்டம் நாலரை அங்குலம் எனவும் கொள்க. தோளின் ஓரத்தில் 0.002 அங்குல அளவான இரும்புத்துகள் ஒன்று சிக்கினால், விளிம்பில் அது மும்மடங்காகி 0.006 அங்குல ஆட்டமாகத் தோன்றும். கழுவாத ஒரு துகளுக்காகப் புதிய சக்கரம் வாங்கியோரும் உளர்! ஆகவே தோளையும் சக்கரத்தின் துளையையும் கழுவி, மேடுகளை மெல்ல அராவி, நட்டை முறையாக இறுக்கி, மீண்டும் அளந்த பின்னரே சக்கரத்தைக் குறைகூறல் வேண்டும். சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்திருப்பின், நட்டு இறுகியிருந்தபோதும் காலப்போக்கில் சக்கரம் தளரும், அவற்றையும் பார்க்க.

பரிகாரம்

வளைந்த சக்கரத்தைத் தட்டி நிமிர்த்துதல் கூடாது; மாற்றுதலே தக்கது. நகர்வு மிகுந்தாற் பின்தட்டை மாற்றுக. இரு சக்கரங்களும் ஒரு தளத்தில் இல்லையெனின், பெரிய சக்கரத்தின் பற்களின் பக்கத்தில் நேர்விளிம்புக் கோலொன்றை வைத்து, அதற்கும் சிறிய சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சிறிய சக்கரத்தின் பின்னுள்ள மெல்லிய வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்க. நீண்ட பழைய சங்கிலியைப் புதிய சக்கரத்தில் மீண்டும் இடுதல் சிக்கனமன்று. அது புதிய பற்களையும் விரைவில் தேய்க்கும். பூட்டும்போது இரு சக்கரங்களிலுமுள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேர்நோக்கி நிற்றல் வேண்டும். ஒரு பல் பிசகினும் வால்வுகளின் காலம் பிழைக்கும். கேம் தண்டினாலே இயக்கப்படும் டிஸ்ரிபியூட்டரின் தீப்பொறிக் காலமும் உடன் பிழைக்கும்.

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடுக என்பது வள்ளுவர் மருந்ததிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு. பட்டறையில் நிற்பவனுக்கும் அவ்வொழுங்கு பொருந்தும். பௌதிக வகுப்பிலே நெம்புகோலையும் வட்டத்தையும் கற்கும் மாணவர், பழைய வண்டியொன்று திறந்து கிடக்கும் இடத்தைக் கடக்க நேரின், சிறிது நின்று அப்பற்களின் பக்கங்களைப் பார்ப்பாராக. பழைய வண்டிகளை இன்னும் பேணிவரும் அன்பர்கள், எஞ்சினை இறக்கச் சம்மதிக்குமுன், "எதனை அளந்தீர்கள்? எவ்வளவு இருந்தது?" என்னும் இரு வினாக்களை வினவுவார்களாக. விடை அங்குலத்தில் வருமாயின், அத்தொழிலாளியை நம்பி வண்டியை ஒப்படைக்கலாம்.