யவனர் கொண்டு வந்த மதுவும் நம்ம ஊர்ச் சாப்பாடும்

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டியிருந்த கடைகளை நம்மில் பலரும் பார்த்திருப்போம். உள்ளே பிராந்தியும் ரம்மும் விஸ்கியும் வரிசையாக நிற்கும். ஒயின் மட்டும் எங்கேயாவது ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். சொல் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது, பொருள் பழகவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. லண்டனிலும் பாரிசிலும் டொரண்டோவிலும் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் பிரெஞ்சு ஒயின் வாங்கி வருகிறார்கள். அன்றைக்கு வீட்டில் மிளகு போட்ட மட்டன் சுக்கா இருக்கும். பாட்டிலைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் குடித்ததும், "என்னடா இது, கசக்குது. இதுக்கா இத்தனை காசு?" என்ற கேள்வி வரும். ஒயின் கெட்டுப் போகவில்லை, சுக்காவிலும் குறை இல்லை. இரண்டையும் ஒரே இலையில் சேர்த்ததுதான் கோளாறு. அது ஏன் என்று விளக்குவதற்கே இந்தக் கட்டுரை. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வதற்கு அல்ல. அவர்களுக்கும் இதில் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் சமையலும் இருக்கிறது.

ஐரோப்பிய ஒயின் நமக்குப் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே அது நம் வாசலுக்கு வந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்' என்ற கையேடு, முசிறித் துறையில் இறங்கிய பொருள்களின் பட்டியலில் ஒயினையும் சேர்க்கிறது. அளவு அதிகம் இல்லை என்றும் சொல்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் யவனர் தந்த மணம் மிக்க மதுவைப் பொற்கலத்தில் அருந்தி இன்புறுவதைப் பாடுகிறார். சங்கப் பாட்டைக் கவிஞனின் கற்பனை என்று தள்ளுகிறவர்களுக்கு மண்ணே பதில் சொல்லிவிட்டது. வடக்குப் பறவூருக்கு அருகே பட்டணம் என்ற ஊரில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழ்ந்தபோது, ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. இரண்டு பக்கமும் கைப்பிடி, கூரான அடி, நீண்ட கழுத்து கொண்ட மண் ஜாடி அது. சில ஓடுகளில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கிறது. அவை இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியில் சுட்டவை. வேறு சில கிரேக்கத் தீவான காஸின் பாணியில் அமைந்தவை. காஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பது அந்தக் காலத்து வழக்கம். ரோமானியர்கள் ஒயினைத் தண்ணீர் ஊற்றித்தான் குடித்தார்கள். தண்ணீர் கலக்காமல் குடிப்பவனை நாகரிகம் இல்லாதவன் என்றே நினைத்தார்கள்.

முசிறியிலிருந்து கிழக்கே போக இயற்கை விட்ட வாசல் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கேதான் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகிறது. இந்தப் பக்கம் பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் என்று ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர்கள் நீண்டு கிடக்கின்றன. கோபாலபுரம் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நிலம், ஒரு காலத்தில் மிளகும் மணியும் பொன்னும் கடந்து போன கணவாயின் மடியில்தான் இருக்கிறது. பெரிய ஆம்போரா ஒன்று சுமார் 26 லிட்டர் கொள்ளும். வண்டி மாட்டுக்கு அது கனமான சுமைதான்.

வெளிநாட்டு மது வந்தது சரி. சாப்பாட்டோடு அதைப் பொருத்தும் அறிவும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்ததா? இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார், எயிற்பட்டினத்துக்குப் போகும் பாணர்களுக்கு அங்கே என்ன விருந்து கிடைக்கும் என்று சொல்கிறார். பரதவப் பெண் வடித்த முதிர்ந்த கள்ளும், அதற்குத் துணையாகச் சுட்ட உலர்ந்த குழல்மீனும். மலை நாட்டுக்கு மூங்கில் குழாயில் முதிர வைத்த தேறல், கடற்கரைக்குக் கள்ளும் கருவாடும். நிலத்துக்கு ஒரு பானம், அந்த நிலத்துக்கே உரிய ஓர் உணவு. பிரெஞ்சுக்காரர்கள் இன்று 'டெர்வா' என்று பெருமையாகச் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். மண்ணும் மலைச்சரிவும் வெயிலும் சேர்ந்து ஒயினுக்கு ஒரு குணம் தருகின்றன என்பது அவர்கள் வாதம். அதனால்தான் ஐரோப்பியப் பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பேர் இருக்காது, ஊரின் பேர் இருக்கும். போர்தோ, ஷாப்ளி, ரியோஹா எல்லாம் இடப்பெயர்கள். திணை தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமா?

இனி அந்தச் சுக்காவுக்கு வருவோம். ஒயினின் சுவையை நான்கு சங்கதிகள் தீர்மானிக்கின்றன. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, பிறகு ஆல்கஹாலின் சூடு. இதில் துவர்ப்பை வெளிநாட்டவர் 'டானின்' என்று ரசாயனப் பேர் வைத்து விளக்கப் படாதபாடு படுகிறார்கள். நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ சாப்பிட்டு நாக்கு இழுத்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் ஊறுவதால் இந்தத் துவர்ப்பு இறங்குகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சியோடு சேர்ந்தால் அது அடங்கிப் போகும். போர்தோக்காரர்கள் ஆட்டுக்கறியோடு தங்கள் ஒயினைக் குடிப்பது அதனால்தான். ஆனால் அவர்கள் கறியில் மிளகாய் கிடையாது. காரம் படும்போது துவர்ப்பு கசப்பாகத் தெரியும். அதோடு, மிளகாயின் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 14 சதவீத ஒயினும் காரச் சுக்காவும் சந்தித்தால் ஒன்றுக்கொன்று தீ மூட்டிவிடும்.

அப்படியானால் காரத்துக்கு எது துணை? கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு, குறைந்த ஆல்கஹால், முடிந்தால் லேசான நுரை. இந்த லட்சணங்கள் எல்லாம் பொருந்திய ஒரு பானத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? சித்தூர் கள்ளுக்கடையில்தான். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது இந்தச் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து. இறக்கிய சில மணி நேரத்தில் இனிப்பும் புளிப்பும் நுரையுமாக நிற்கும். தென்னங்கள்ளுக்குக் கேரளக் கலால் விதி நீண்ட காலம் வைத்திருந்த உச்ச வரம்பு 8.1 சதவீத ஆல்கஹால். கண்ணில் தண்ணி வரவைக்கும் மீன் குழம்பையும் கப்பையையும் அதோடு வைத்துச் சாப்பிடுகிறவர், அறியாமலே உலகத்தின் பெரிய ஒயின் நிபுணர்கள் சொல்லும் விதியைத்தான் கடைப்பிடிக்கிறார். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் 'ரீஸ்லிங்' திராட்சையில் செய்யும் 'காபினெட்' வகை ஒயினும் பல சமயம் 8, 9 சதவீதம்தான். இனிப்பும் புளிப்பும் கச்சிதமாக இருக்கும். பள்ளிபாளையம் சிக்கனுக்கு அதை வைத்துப் பாருங்கள், போர்தோவைத் தேட மாட்டீர்கள்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. இன்றும் நீடிக்கிறது. சாவடிக்கு இந்தப் பக்கம் உரிமம் பெற்ற தொழில், அந்தப் பக்கம் குற்றம். மரமும் ஒன்று, ஏறுகிற ஆளின் மொழியும் ஒன்று. வெளிநாட்டு ஒயினுக்குக் கண்ணாடிக் கோப்பையும் மரியாதையும் கிடைக்க, கள்ளை மட்டும் ஏளனமாகப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காக யாரும் கள்ளைக் கட்டிக்கொண்டு சாவடி தாண்ட வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள். கேரளத்தில் 2017 முதல் 23 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பதும் குற்றம்.

மற்ற பண்டங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். புளிக்குழம்பு, புளிசேரி போன்றவற்றுக்கு அவற்றைவிடப் புளிப்பான ஒயின் வேண்டும். இல்லையென்றால் ஒயின் சப்பென்று போய்விடும். வடக்குப் போர்ச்சுகலின் 'வின்யோ வெர்தே' இதற்கு ஏற்றது, விலையும் குறைவு. பருப்பு வடை, பஜ்ஜி மாதிரி எண்ணெய்ப் பலகாரங்களுக்கு நுரைக்கும் ஒயின் பிரமாதம். எண்ணெய்ப் பிசுக்கை நுரையும் புளிப்பும் கழுவிவிடும். ஷாம்பெயின் என்பது பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் செய்ததற்கு மட்டுமே உரிய பேர். ஸ்பெயினின் 'கவா'வும் இத்தாலியின் 'புரொசெக்கோ'வும் அதைவிட மலிவு, வடைக்கு அவை போதும். நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் மொளகூட்டலுக்கும் காரம் குறைவு என்பதால் 'ஷார்டொனே' திராட்சையின் வெள்ளை ஒயின் சுகமாக இருக்கும். சுக்காவுக்குச் சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், துவர்ப்பு குறைந்த 'பொஜொலே' வாங்குங்கள். பாயசத்துக்கு ஒரே விதி: ஒயின் பாயசத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அடைப் பிரதமனுக்கு மரப்பீப்பாயில் முதிர்ந்த 'போர்ட்' ஒயின் நல்ல ஜோடி. ஆனால் அதில் சுமார் 20 சதவீத ஆல்கஹால், சின்னக் கிளாஸ் போதும்.

மீனுக்கு வெள்ளை ஒயின் என்பது வெறும் நாகரிகப் பேச்சு என்று பலகாலம் நினைத்தவர்கள் உண்டு. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பு ஒயின்கள் பலவற்றில் இரும்புச் சத்து சற்றுக் கூடுதல். அது மீனின் கொழுப்போடு சேரும்போது கெட்ட மீன் வாடை வாயில் தங்குகிறது. மத்தியிலும் அயிலையிலும் கொழுப்பு அதிகம். மத்தி வறுவலோடு சிவப்பு ஒயின் குடித்துவிட்டு மீன்காரரைத் திட்டாதீர்கள்.

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாறு என்று லேபிளில் இருக்கும். அது ஐரோப்பிய அறை, 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதப் பாலக்காட்டு அறையில் வைத்தால் கஷாயம்தான். பரிமாறும் முன் அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

இடுக்கிப் பக்கத்து நண்பர்கள், "எங்க கம்பத்துத் திராட்சையில ஒயின் ஆகாதா?" என்று கேட்பார்கள். குமுளி மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். ஆனால் அதன் ரகமான 'மஸ்கட் ஹாம்பர்க்' இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றில் உருவானதே 1850 வாக்கில்தான். ஆகவே அந்த ஆண்டை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கி ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும். கம்பத்தில் தூக்கமே இல்லை, கவாத்துச் செய்து செய்து ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். இரவும் வெதுவெதுப்பாக இருப்பதால் பழத்தில் புளிப்பு நிற்பதில்லை. புளிப்பு இல்லாத ஒயினுக்கு முதுகெலும்பு இல்லை. மணம் அபாரம் என்பதால் இனிப்பு ஒயினுக்குப் பொருந்தும். கிறிஸ்துமஸ் கேக்கோடு குடிக்கும் ஒயின் அந்தச் சுவைதான்.

திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடிப் பிரிட்ஜில் மூன்று நாலு நாள் வைக்கலாம். அதற்கு மேல் காடியாகத் திரும்பும். கொட்டிவிடாதீர்கள். போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊற வைத்துக் கொண்டு வந்தார்கள், அதற்கு 'வின்யா தாலோஸ்' என்று பேர். கோவாவுக்கு வந்தபோது ஒயினுக்குப் பதில் தென்னங்கள் காடியை ஊற்றினார்கள், மிளகாயும் சேர்ந்தது, பேர் 'விண்டாலு' ஆயிற்று. மிஞ்சிய ஒயினில் பூண்டும் மிளகாயும் அரைத்துப் போட்டுக் கறியை ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் குழம்புக்குப் புளி கரைக்க வேண்டியதில்லை.