மிக்சியில் ஆட்டிய மணிலாப் பால்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தப்போ, கூனிமேட்டில் எங்க வீட்டுக்கு நாலு நாள் பால் வரலை. கரண்ட்டும் இல்லை. வீட்டு மாடு நிறைசினை, பால் வத்திப் போயிருந்துச்சு. மாமியாருக்கு எண்பது வயசு தாண்டியாச்சு. காலையில சூடா ஒரு டம்ளர் உள்ளே போகலைன்னா அன்னைக்கு வீடே ஓடாது. இரண்டாம் நாள் அவங்களே சொன்னாங்க: "ஏம்மா, சுண்டலுக்கு ஊறப்போட்ட மணிலா இருக்குதே, அதை ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டு."

எங்க பக்கம் நிலக்கடலையை மணிலா, மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். ஆட்டி, பழைய வேட்டித் துணியில் பிழிஞ்சு, விறகு அடுப்பில் காய்ச்சி, பனைவெல்லமும் சுக்கும் தட்டிப் போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு, "எங்க அம்மா செய்யும்போது இன்னும் கெட்டியா இருக்கும்" என்றாங்க. அதாவது இது அவங்களுக்குப் புதுசு இல்லை. எனக்குத்தான் புதுசு.

யோசிச்சுப் பார்த்தா நம்ம அடுப்படியில் கொட்டையையும் பருப்பையும் ஆட்டிப் பால் எடுக்கிறது எப்பவும் இருந்ததுதான். ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால், நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப் பால், மதுரையில் தள்ளுவண்டியில் விற்கிற பருத்திப் பால், குழந்தைக்குத் துணியில் வடிகட்டி எடுக்கிற கேழ்வரகுப் பால் எல்லாம் அந்த வகைதான். இன்னைக்கு நகரத்துக் கடையில் டப்பாவில் வரும் பாதாம் பாலைப் பார்த்துட்டு இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைச்சுக்கிறோம். அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. பாதாம் எத்தனை சதவீதம், தண்ணி எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

கரண்ட் வந்த பிறகு மிக்சிக்கு மாறினேன். இப்போ வாரத்துக்கு நாலு நாள் செய்யறேன். முதல் மாசம் பாதி நாள் கெட்டுப் போச்சு, அதனால் என் தப்புகளோடயே சேர்த்துச் சொல்றேன்.

100 கிராம் உரிச்ச மணிலாவை ராத்திரி ஊற வைங்க. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். வெயில் காலத்தில் அதுக்கு மேல விட்டா புளிச்ச வாடை வந்துரும். காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, கொதிக்கிற தண்ணியில் அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க. இதைத் தவிர்த்தா பச்சை வாடை போகாது, வீட்டில் பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டாங்க. வெந்நீரில் போட்டு எடுத்தா தோலும் கையால தேய்க்கும்போதே கழண்டு வரும். தோலோட ஆட்டினாலும் தப்பில்லை, பால் கொஞ்சம் துவர்க்கும், நிறமும் மங்கும்.

மிக்சியில் செய்கிற பெரிய தப்பு, எல்லாத் தண்ணியையும் ஒரே தடவை ஊத்துறது. தண்ணி நிறைய இருந்தா கொட்டை பிளேடுக்கு அகப்படாம சுத்திக்கிட்டே இருக்கும். முதலில் ஒரு கை தண்ணி தெளிச்சு, சட்னிக்கு அரைக்கிற மாதிரி மைய அரைங்க. அப்புறம் ஒரு டம்ளர் ஊத்தி ஓட்டுங்க, அப்புறம் இன்னொரு டம்ளர். மொத்தம் முக்கால் லிட்டர் தண்ணி. ஜாரில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, மூடி தூக்கிக்கிட்டு சுவரெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும். ஒரு நிமிஷம் ஓட்டினா ஒரு நிமிஷம் நிறுத்துங்க, மோட்டாரும் சூடாகாது, பாலும் சூடாகாது.

பிழியறதுக்கு நல்லா வெளுத்த பழைய வேட்டித் துணிதான் சரி. வடிகட்டி போதாது. பிழிஞ்ச பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊத்தி, கிளறிக்கிட்டே பத்து நிமிஷம் காய்ச்சணும். மாட்டுப் பாலைவிட வேகமா அடிபிடிக்கும், திடீர்னு பொங்கும். நான் ஒரு தடவை போன் பேசப் போய் பாதியை அடுப்புக்கு வார்த்தேன். காய்ச்சினது அன்னைக்கு ஒரு நாள் தாங்கும், பிரிட்ஜில் வைச்சா ரெண்டு நாள். மேலே தெளிஞ்சு அடியில் படியறது கெட்டுப் போன அடையாளம் இல்லை, ஒரு கலக்குக் கலக்கினா சேர்ந்துரும். புளிச்ச வாடையும் வழவழப்பும் வந்தா கொட்டிருங்க.

இப்போ தண்ணி விஷயத்துக்கு வர்றேன், எங்க ஊர்க்காரங்களுக்கு இதுதான் முக்கியம். தொடக்கத்தில் எங்க வீட்டு போர் தண்ணியில்தான் ஆட்டினேன். காய்ச்சக் காய்ச்ச பால் பொரிப்பொரியா திரிஞ்சு போச்சு. கொட்டை பழசோ, பாத்திரத்தில் புளி ஒட்டியிருந்துச்சோ என்று நாலு நாள் தேடினேன். பக்கத்து வீட்டு அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் பல வருஷம் வேலை செஞ்சவர். அவர் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு, "உப்பு வாரின பிறகு பாத்தியில் கசப்பா ஒரு தண்ணி மிஞ்சுமே, அந்த ருசி உங்க போர் தண்ணியில் லேசா இருக்கும்மா" என்றார்.

அங்கேதான் விஷயமே இருக்கு. கடல் தண்ணி வத்தி சமையல் உப்பு படிஞ்சு போன பிறகு மிஞ்சுகிற அந்தக் கசப்புத் தண்ணியில் மெக்னீசிய உப்புகள்தான் நிறைய. ஜப்பானில் அதுக்கு நிகாரி என்று பேர். சோயாப் பாலைத் திரிய வைச்சு டோஃபு என்கிற சோயாப் பன்னீர் செய்யறதுக்கு அவங்க காலங்காலமா அதைத்தான் ஊத்துறாங்க. பருப்புப் பாலில் இருக்கிற புரதத்தை மெக்னீசியமும் கால்சியமும் ஒண்ணோடொண்ணு பிடிச்சுக் கட்டிரும். அவங்க வேணும்னு செய்யறதை எங்க போர் தண்ணி வேண்டாமலே செஞ்சிருக்கு. அன்னையிலிருந்து மழைத் தண்ணி இல்லைன்னா குடிக்கிற நல்ல தண்ணியில்தான் ஆட்டுறேன், பால் திரியறதே இல்லை. கடலோரத்தில் இருக்கிறவங்க, உப்புத் தண்ணி ஏறின கிணறு வைச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க. சரி, உப்பளத்துத் தண்ணியை எடுத்து வந்து பன்னீர் செய்யலாமே என்று சிலருக்குத் தோணும். வேண்டாம். சுத்தம் செய்யாத அந்தத் தண்ணியில் சேறும் அழுக்கும் என்னென்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பன்னீர் வேணும்னா எலுமிச்சம்பழம் இருக்கு.

புயலில் நடந்த இன்னொன்றைச் சொல்லாம இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. ஆடிப் பட்டத்து மானாவாரி மணிலா அப்போதான் பறிச்சு, முழுசா காயாம, ரெண்டு மூட்டை திண்ணையில் இருந்துச்சு. சாரல் அடிச்சு அடி மூட்டை நனைஞ்சுது. மழை விட்டுப் பிரிச்சா உள்ளே கையை வைக்க முடியாத சூடு, ஒரு மக்கின வாடை. சில காயை உடைச்சுப் பார்த்தேன், பருப்பு மேல பச்சையும் மஞ்சளுமா பூசணம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வெயிலில் போட்டா சரியாயிரும் என்றாங்க மாமியார். செக்கில் குடுத்து எண்ணெய் ஆட்டிரலாம், புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். விதை வாங்கி, களையெடுத்து, மூணரை மாசம் காத்திருந்த காசு அது. அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

அந்தப் பூசணம் உண்டாக்கிற விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பேர். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாம செத்துப் போனப்போ, தேடிப் பார்த்தா அதுகளுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில்தான் இது இருந்துச்சு. கல்லீரலைத் தாக்கும். தொடர்ந்து உடம்பில் சேர்ந்தா கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். வெயிலில் காய வைச்சா பூசணம் வளர்றது நிக்கும், ஏற்கனவே உண்டான விஷம் போகாது. காய்ச்சினாலும் போகாது, வறுத்தாலும் முழுசா போகாது. செக்கில் ஆட்டினா எண்ணெயிலும் கொஞ்சம் வரும், புண்ணாக்கில்தான் அதிகம் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ன மாட்டின் பாலிலும் அது வேற உருவத்தில் இறங்கும். ஆக, மாட்டுப் பாலா மணிலாப் பாலா என்று நாம சண்டை போட்டுக்கிட்டு இருந்தா, பூசணம் ரெண்டு பக்கமும் வந்து நிக்குது. நாங்க அந்த மூட்டையைச் சாணத்தோட சேர்த்துக் குழியில் போட்டு மூடினோம். வீட்டுக்காரர் ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசலை.

ரசாயனம் போடாம விளைய வைக்கிறோம், அதனால் நம்ம கொட்டை சுத்தம் என்று நாம நினைக்கிறதில் இங்கே ஒரு ஓட்டை இருக்கு. பூசணத்துக்கு இயற்கை விவசாயம், ரசாயன விவசாயம் என்கிற பேதமெல்லாம் கிடையாது. காய் முத்துகிற சமயத்தில் வறட்சி அடிச்சாலும் வரும், பறிக்கும்போது மண்வெட்டி பட்டு ஓடு உடைஞ்சாலும் வரும், ஈரத்தோட கட்டி வைச்சாலும் வரும். பறிச்ச செடியைத் தலைகீழா, காய் மேலே இருக்கும்படி வைச்சுக் காய விடுங்க. காதுகிட்ட வைச்சு ஆட்டினா உள்ளே பருப்பு கலகலன்னு சத்தம் கேட்கணும். பாலுக்கு ஊறப்போடுறதுக்கு முன்னாடி தட்டில் பரப்பி, சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் பொறுக்கிருங்க. கடையில் உடைச்ச பருப்பா வாங்காதீங்க. உங்க வயலில் இல்லைன்னா தெரிஞ்ச உழவர்கிட்ட காயா வாங்கி வீட்டில் உடைங்க. பொறுக்கினதைக் கோழிக்கும் போடாதீங்க.

இதில் என்ன சத்து இருக்கு என்று கேட்கிறவங்களுக்கு உள்ளதைச் சொல்லிடறேன். 100 கிராம் மணிலாவில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு. ஒரு பகுதி சக்கையோட போயிரும். மீதி பாலுக்கு வரும், பசும்பாலுக்குக் கொஞ்சம் குறைவா நிக்கும். கால்சியத்தில் பக்கத்திலேயே வராது. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் இருக்கு, இதில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெருசு. வைட்டமின் பி12 துளியும் இல்லை. அதனால் பாலை நிறுத்திட்டு இதுக்கு மாறுகிறவங்க கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று கால்சியத்துக்கு வேற வழி பார்க்கணும், பி12க்கு மருத்துவரைக் கேட்கணும். பசும்பால் குடிச்சா வயிறு உப்பி, கழிச்சலாகிறவங்களுக்கு இது நல்ல மாற்று, இதில் லாக்டோஸ் கிடையாது. மணிலா ஒவ்வாமை இருக்கிறவங்க தொடவே கூடாது.

குழந்தை விஷயம் தனி. அதே புயல் வாரத்தில் எதிர்வீட்டில் எட்டு மாசக் குழந்தைக்குப் பால் இல்லை என்று ஒரு சொம்பில் இதை எடுத்துக்கிட்டுப் போனேன். நல்ல வேளை, வெள்ளம் பார்க்க வந்த நர்சம்மா அங்கே இருந்தாங்க. "அம்மா, ஒரு வயசுக்குள்ள தாய்ப்பாலுக்குப் பதிலா இதைக் குடுக்கவே கூடாது. வயிறு ரொம்பும், பிள்ளை வளராது" என்று சொம்பை என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டாங்க. தாய்ப்பாலை நிறுத்தாம குடுங்க, கூடவே கேழ்வரகுக் கஞ்சி ஊட்டுங்க என்று அந்தப் பொண்ணுக்குச் சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு. இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்று நம்பிக்கிட்டு இருந்தவள் நான்.

மத்தப் பால்களைச் சுருக்கமா சொல்றேன். தேங்காய்ப் பாலுக்கு வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ஆட்டினா முதல் பால் கெட்டியா இறங்கும். கொதிக்க விடாதீங்க, பிரிஞ்சுரும். முந்திரிக்கு வடிகட்டவே வேண்டாம், ரெண்டு மணி நேரம் ஊறினா மிக்சியில் வெண்ணெயா அரையும். ஆனா தோப்பிலிருந்து எடுத்த கொட்டையை வீட்டில் பச்சையா உடைச்சு அரைக்க நினைக்காதீங்க, ஓட்டு எண்ணெய் கையையும் வாயையும் புண்ணாக்கிரும். எள்ளுப் பால் லேசா கசக்கும், கருப்பட்டி போட்டா கசப்பு தெரியாது. கேழ்வரகுப் பாலை முளைகட்டி ஆட்டினா ருசி, ஆனா காய்ச்சாம குடிக்கக் கூடாது, காய்ச்சினா கூழா கெட்டிப்படும், அதனால் தண்ணி தாராளமா ஊத்துங்க. ஓட்ஸ் நம்ம மண்ணில் விளையறது இல்லை, நான் முயற்சி பண்ணலை.

விற்கலாமா என்று போன மாசக் கூட்டத்தில் ரெண்டு பேர் கேட்டாங்க. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு, டி.எம்.வி. என்று ஆரம்பிக்கிற ரகமெல்லாம் அங்கேருந்து வந்ததுதான், அதனால் நம்ம பக்கம் காய்க்குப் பஞ்சமில்லை. 1970களில் மைசூர் மத்திய உணவு ஆய்வு நிறுவனம் மணிலாப் புரதத்தைப் பாலோட கலந்து மில்டோன் என்று ஒண்ணு செஞ்சு, பெங்களூரில் விற்கக்கூட விற்றாங்க. வழி இருக்கு. ஆனா உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி பொட்டலத்தில் மணிலா "பால்" என்று அச்சடிச்சு விற்க முடியாது. தேங்காய்ப் பாலுக்கு மட்டும் பழைய வழக்கம் என்று விலக்கு இருக்கு. பானம் என்று போட்டுக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேணும். சீக்கிரம் கெடுகிற பொருள், அதனால் என் யோசனை, முதலில் சந்தையில் சுடச்சுட டம்ளரில் குடுத்துப் பாருங்க.

சக்கையைக் கொட்டாதீங்க. அடைமாவில் கலக்கலாம், மிளகாய் பூண்டு சேர்த்து வறுத்துப் பொடி இடிக்கலாம். மோர் வேணும்னா, காய்ச்சின பால் வெதுவெதுப்பா இருக்கும்போது ரெண்டு பச்சை மிளகாயைக் காம்போட போட்டு ராத்திரி மூடி வைங்க. தயிர் மாட்டுத் தயிர் மாதிரி இறுகாது, தளதளன்னு இருக்கும். முதல் தடவை சுமாராத்தான் வரும், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊத்துங்க. மூணாவது தடவை மாமியாருக்குச் சொல்லாம மோராக்கிக் குடுத்தேன். மாடு எப்போ கன்னு போட்டுச்சு என்று கேட்டாங்க.