பெண்ணையாற்று முன்துறை: திருக்கோவலூர், அறையணிநல்லூர் ஆகிய இருகரை ஊர்களின் இடவமைப்பும் வரலாறும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் திருக்கோவலூரும் வடகரையில் அறையணிநல்லூரும் எதிரெதிரே அமைந்துள்ளன. முன்னது இன்று திருக்கோவிலூர் எனவும் பின்னது அரகண்டநல்லூர் எனவும் வழங்குகின்றன. திருக்கோவலூர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மலையமான் தலைநகர், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று, முதலாழ்வார் மூவரும் சந்தித்த திவ்விய தேசம் என்னும் மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இம்மூன்றுக்கும் அடிப்படையாக அமைந்த இடவியல் உண்மை ஒன்று உண்டு. அது இவ்வூர் ஓர் ஆற்றுத்துறை என்பது. துறை என்ற நிலையில் நோக்கும்போது வடகரை ஊரைத் தனியே பிரித்துத் தென்கரை ஊரின் வரலாற்றை எழுத இயலாது. இலக்கியம், கல்வெட்டு, இன்றைய நிலை ஆகியவற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இடவமைப்பு

கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து இவ்வூரை அடைகிறது. இதற்கு மேற்கே ஆறு குன்றுகளுக்கு இடையே வருகிறது. கிழக்கே சமவெளியில் மணற்பரப்பாக விரிந்து, கால்வாய்களாகவும் கிளைகளாகவும் பிரிந்து, கடலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. மலட்டாறு போன்ற கிளைகள் சமவெளியில் ஆறு ஒரே தடத்தில் நிலைத்து நில்லாமையைக் காட்டுகின்றன. திருக்கோவலூர்ப் பகுதியிலோ கரையிலும் ஆற்றினுள்ளும் பாறைகள் உள்ளன. பாறை கரையைப் பிடித்து நிறுத்துகிறது. கரை நிலைபெற்ற இடத்திலேதான் துறை நிலைபெறும்; துறை நிலைபெற்ற இடத்தில் வழிகள் வந்து கூடும். வடமேற்கே அண்ணாமலைக்கும், கிழக்கே விழுப்புரம் வழியாகக் கடற்கரைக்கும், தென்மேற்கே கள்ளக்குறிச்சிக்கும் செல்லும் வழிகள் இங்குக் கூடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

வடகரை ஊரின் பழம்பெயரே இதற்குச் சான்று. 'அறை' என்பது பாறை. பாறையால் அழகுபெற்ற நல்லூர் அறையணிநல்லூர். ஒப்பிலாமணீசுவரர் கோயில் ஆற்றங்கரைப் பாறையின்மீதே அமைந்துள்ளது. அப்பாறையில் பல்லவர் காலக் குடைவரையும் உண்டு. 'அரகண்டநல்லூர்' என்னும் இன்றைய வடிவத்தில் பாறை மறைந்துவிட்டது. தென்கரையிலும் இதே நிலைதான். 'கோவல்', 'கோவலூர்' என்று பழம்பாடல்கள் வழங்கிய பெயர் 'கோவில்' என்னும் சொல்லின் ஈர்ப்பால் 'திருக்கோவிலூர்' ஆயிற்று. கோயில்களால் இவ்வூர் பெயர் பெற்றது என்று இன்று எளிதாகக் கருதப்படுவதற்கு இத்திரிபும் ஒரு காரணம். கோவல் என்னும் பெயர் இன்றுள்ள கட்டடக் கோயில்களுக்கு முற்பட்டது.

பழம்பாடல்களில் துறை

அகநானூற்றின் 35ஆம் பாடல், உடன்போக்கில் சென்ற மகளை எண்ணி நற்றாய் உரைப்பது. மகளின் நெளிந்த கருங்கூந்தலுக்கு உவமையாகப் பெண்ணைப் பேரியாற்றின் நுண்ணிய கருமணல் வரிகள் அப்பாடலில் கூறப்படுகின்றன. அம்மணல் எங்குள்ளது என்பதையும் பாடல் சுட்டுகிறது. கோவற்கோமானாகிய காரியின் கொடுங்கால் என்னும் இடத்து முன்துறையில் உள்ளது அம்மணல். அரசனின் பெயர், ஊரின் பெயர், துறையின் பெயர், ஆற்றின் பெயர் ஆகிய நான்கும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வருதல் கருதத்தக்கது. நீர் வடிந்த காலத்து மணலில் படியும் வரிகளை அருகிலிருந்து கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருவெள்ளமாகவும் இருக்கும் ஆறு இது. ஊரைத் தாண்டிச் சென்றுவிட்ட மகளைப் பற்றிய பாடலில் ஆற்றுத்துறை உவமையாக வருவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் படிப்பவர் அதைக் கவனியாமல் கடக்க இயலாது.

மலையமான் பெயர் பொறித்த காசுகளில் குதிரை உருவமும், ஆற்றைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் வளைகோடும் காணப்படுகின்றன. காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். கோவலூரின்மீது தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வென்றதைப் பரணர் பாடினார் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் தருகிறார். 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இச்செய்திக்கு வலுவூட்டியது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடையளித்த பாழியைக் குறிப்பிடும் அக்கல்வெட்டு, அவனைச் 'சதியபுதோ' என்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு அதனால் விடை கிடைத்தது. சம்பை திருக்கோவலூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். தகடூர் நாட்டிலிருந்து கீழ்நோக்கி வருவோர்க்குப் பெண்ணைப் பள்ளத்தாக்கே இயல்பான வழி. அதன் வாயிலில் அமைந்த துறையைக் கைக்கொள்வது கடற்கரைச் சமவெளிக்கான வழியைக் கைக்கொள்வதாகும். அஞ்சியின் கோவலூர்ப் போரை இரு வள்ளல்களுக்கு இடையிலான பகையாக மட்டும் விளக்குவது போதாது.

ஆற்றின் நடுவே ஒரு கல்

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அருகே, ஆற்றினுள், உச்சியில் சிறு கோயிலுடன் நிற்கும் பாறையை மக்கள் கபிலர் குன்று என்பர். இவ்வழக்கு அண்மைக் காலத்தது அன்று. முதலாம் இராசராசன் காலத்துப் பாடல் வடிவக் கல்வெட்டொன்று வீரட்டானத்தில் உள்ளது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவள் என்பதையும், பால்குடி மறவாக் குழந்தையைப் பிரிந்து கணவனுடன் தீப்புகுந்தாள் என்பதையும் கூறும் அக்கல்வெட்டே, பெண்ணையின் நடுவிலுள்ள கபிலக்கல்லையும் குறிப்பிடுகிறது. பாரியின் மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் அங்குத் தீப்புகுந்தார் என்பது அதன் செய்தி.

புறநானூற்று மரபு இதனின் வேறுபடுகிறது. 236ஆம் பாடலின் கொளு, பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. மகளிர் இருவர், மகள் ஒருத்தி, பார்ப்பார், மலையன், வடக்கிருத்தல், தீப்புகுதல் என முரண்கள் பல. இவற்றுள் எது வரலாறு என்று தீர்ப்பளிப்பதைவிட, கல்வெட்டு மரபு ஏன் அவ்வாறு உருப்பெற்றது என்று வினவுதல் பயன்தரும். காரியைப் பாடிய கபிலரை மலையமான் குலத்தார் தம் ஊரோடு பிணைத்துக்கொண்டனர். அரசனின் தாய் தீப்புகுந்ததைப் போற்றும் கல்வெட்டில் புலவரும் தீப்புகுந்தவராகவே நினைக்கப்படுகிறார். அந்நினைவுக்கு நிலைத்த இடமாக வாய்த்தது, ஆற்றைக் கடக்கும் எவர் கண்ணிலும் படும் பாறை. ஏட்டில் கொளு காத்த மரபு ஒன்று. துறை காத்த மரபு மற்றொன்று.

வழியும் எல்லையும்

திருஞானசம்பந்தர் திருக்கோவலூர் வீரட்டத்தைப் பணிந்து, அறையணிநல்லூரை அடைந்து, அங்கிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடினார் எனப் பெரியபுராணம் வழியை வகுக்கிறது. தென்கரை, ஆறு, வடகரை, அப்பால் மலை என்னும் இவ்வரிசை இன்றைய பயணிக்கும் பொருந்தும். சேக்கிழார் தலவரிசையை நிலம் அறிந்து அமைத்தார் என்பதற்கு இது நல்ல சான்று.

முதலாழ்வார் மூவர் ஒரு மழையிரவில் இவ்வூர் இடைகழியில் நெருங்கி நின்ற வரலாற்றையும் இங்கு நினைக்கலாம். காஞ்சி, கடல்மல்லை, மயிலை ஆகிய மூவர் ஊர்களும் பெண்ணைக்கு வடக்கே உள்ளன. மூவரும் ஆற்றைக் கடந்தே கோவலூரை அடைந்திருத்தல் வேண்டும். மழை, இருள், ஒதுங்க ஒரு சிறிய இடம், முன்பின் அறியாத வழிப்போக்கர் ஆகியவை துறையூர் வாழ்வுக்கு இயல்பானவை. இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கதை இவ்வூரில் வேர்கொண்டதற்கான பொருத்தமாகக் கொள்ளலாம்.

10ஆம் நூற்றாண்டில் இவ்வாறு அரசியல் எல்லையாகவும் பயன்பட்டது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் திருநாவலூர்ப் பகுதியில் படையுடன் தங்கியிருந்தான். அவனுடைய படைத்தலைவன் வெள்ளங்குமரன் ஆற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரில் 943ஆம் ஆண்டு கற்றளி எடுப்பித்தான். தக்கோலப் போருக்குப்பின் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள் கீழையூரிலேயே பொறிக்கப்பட்டன. எல்லையாகக் கருதப்பட்ட ஆற்றை ஆட்சி எளிதில் கடந்தது. கல்வெட்டு பொறிக்கும் சுவர் மட்டும் மாறவில்லை.

இன்றைய நிலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதை ஆற்றைக் கடக்காமல் வடகரை வழியாகவே சென்றது. எனவே திருக்கோவிலூர் என்னும் பெயர்தாங்கிய தொடர்வண்டி நிலையம் அரகண்டநல்லூரில் உள்ளது. 1958ஆம் ஆண்டு நிறைவுற்ற சாத்தனூர் அணை, மேற்பகுதியிலேயே நீரைத் தேக்கியதால் ஆற்றின் இயல்பு மாறியது. ஆயினும் துறையின் பழைய இடர் நீங்கவில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அவ்வணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1.68 இலட்சம் கன அடி நீர் வெளியேறியது. இரு ஊர்களையும் இணைக்கும் தரைப்பாலம் மூழ்கியது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது திருக்கோவிலூர் அதனுள் சேர்ந்தது; அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டத்திலேயே நின்றது. ஊர் ஒரு மாவட்டத்திலும் அதன் பெயர்கொண்ட தொடர்வண்டி நிலையம் மற்றொரு மாவட்டத்திலும் அமைந்தன. ஆட்சி வசதிக்காகச் செய்யப்பட்ட பிரிப்பு, ஆய்வுக்கும் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. கல்வெட்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் வழக்காறுகளையும் மாவட்ட வாரியாகத் தொகுக்கும் முறையைப் பின்பற்றினால், சம்பந்தர் ஒரே பயணத்தில் வழிபட்ட இரு தலங்களும் வெவ்வேறு தொகுதிகளில் இடம்பெறும். கொடுங்கால் முன்துறை எந்தக் கரையில், எந்தப் பகுதியில் இருந்தது என்பதை அறிய விரும்பும் கள ஆய்வாளர் துறைப்பெயர்களையும் வண்டித்தட வழக்குகளையும் இரு கரைகளிலும் ஒருசேரத் திரட்டவேண்டியுள்ளது. தரைப்பாலம் வருவதற்குமுன் மணலில் நடந்தும் வெள்ளக்காலத்தில் காத்திருந்தும் ஆற்றைக் கடந்த தலைமுறையினர் இரு ஊர்களிலும் முதுமையடைந்து வருகின்றனர்.