வைக்கோலுக்குள் ஒரு பெட்ரோல்!

உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிறீர்களே, அதில் ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம் என்பது தெரியுமா? பயப்பட வேண்டாம், வண்டி தள்ளாடாது! எத்தனால் என்பது அதற்கு மரியாதையான பெயர். 2003-இல் நூற்றுக்கு 5 பங்கு என்று ஆரம்பித்த கலப்பு, 2022-இல் 10 பங்காகி, 2025-இல் 20 பங்கை எட்டிவிட்டது.

இந்தச் சாராயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்துதான். மக்காச்சோளமோ கோழிக்கும் தீவனம். தொழிற்சாலையும் கோழியும் ஒரே மூட்டைக்குப் போட்டி போட்டால் முட்டை விலை என்ன ஆகும் என்று இல்லத்தரசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஆகவேதான் விஞ்ஞானிகளின் பார்வை வைக்கோல் மீதும் சோளத்தட்டை மீதும் விழுந்தது. தானியம் நமக்கு, தட்டை வண்டிக்கு! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செய்வது அத்தனை சுலபமல்ல. அரைத்து வைத்த இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கிவிடுகிறது. வைக்கோலை ஊற வைத்துப் பாருங்கள். பத்து நாள் கழித்தும் நாற்றந்தான் மிஞ்சும். அதிலும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அதைச் செல்லுலோஸ் என்ற நாராகப் பின்னி, லிக்னின் என்ற பசையும் பூசி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது இயற்கை. அமிலமும் நீராவியும் கொண்டு முதலில் பெட்டியை உடைக்க வேண்டும். பிறகு என்ஸைம் என்ற நொதிப் பொருள் நாரைச் சர்க்கரையாக வெட்ட வேண்டும். அதற்கப்புறந்தான் ஈஸ்ட்டுக்கு விருந்து. அந்த ஈஸ்ட்டுக்கும் மகா பிகு! ஒரு வகைச் சர்க்கரையைத் தின்னும். ஸைலோஸ் என்ற இன்னொரு வகையைச் சாதாரணமாகத் தொடாது. அதையும் தின்னும்படி ஈஸ்ட்டின் குணத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

நொதியின் கதை வேடிக்கையானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஸாலமன் தீவுகளில் அமெரிக்கப் பட்டாளத்தின் கான்வாஸ் துணிகள் மக்கிப் போயின. எதிரியின் வேலையல்ல, ஒரு பூஞ்சைக் காளானின் வேலை! டிரைக்கோடெர்மா ரீஸை என்று பெயர் பெற்ற அதன் வம்சந்தான் இன்று இந்த நொதியைச் சுரந்து கொடுக்கிறது. சும்மா அல்ல, நல்ல விலைக்கு.

நம் நாட்டில் அரியானாவின் பானிபட்டில், இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். லாரிக்குப் பத்து டன் என்று வைத்தாலும் 20,000 லாரி! அறுவடையோ சில வாரங்களில் முடிந்துவிடும். மழை படாமல், தீப்பொறி விழாமல் வருஷம் முழுவதும் அதைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

பானிபட் சுற்று வட்டாரத்தில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறவர்கள் உண்டு. புகை டில்லி வரை போகிறது. ஆலை வந்தால் அங்கே லாபந்தான். நம் திட்டக்குடிப் பக்கம் வந்து பாருங்கள், கதையே வேறு. வெள்ளாற்றுப் பாங்கில் நெல்லும் கரும்பும், மேட்டுக் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும். வைக்கோல் போராக ஏறி மாட்டுக்குப் போகிறது. கரும்புச் சக்கை ஆலைக் கொதிகலனில் எரிந்து நீராவியாகிறது. பருத்தி மாருக்கு அடுப்பு காத்திருக்கிறது. பட்டணத்தில் 'கழிவு' என்று நாம் சொல்வது இங்கே ஒருத்தியின் பால் காசு. போரை ஆலைக்கு ஏற்றிவிட்டு, அதைவிட அதிக விலைக்குத் தீவனம் வாங்கினால் அவள் கதி என்ன? திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்டால் தேவலை.

மிச்சம் இருப்பது மக்காச்சோளத் தட்டை. அதிலும் பசுந்தட்டையை மாடு விடாது. காய்ந்து முற்றியதுதான் காட்டிலே நிற்கும். இந்தத் தட்டையை நம்பித்தான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டுபான்ட் கம்பெனி 2015-இல் பிரம்மாண்டமான ஆலை ஒன்றைத் திறந்தது. 2017-இல் கதவைச் சாத்திவிட்டது!

மண் ஒட்டாமல் தட்டையை வாரிக் கட்டுகிற யந்திரம், ஊருக்கு ஊர் சேமிப்புக் களம், நொதியின் விலை குறைதல் — இவையெல்லாம் கைகூடினால் ஒருநாள் வெள்ளாற்றங்கரைக்கும் லாரி வரலாம். ஆனால் விலை பேச வருகிறவர்கள் வீட்டு ஐயாவோடு பேசி முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். போரில் எத்தனை நாள் தீவனம் இருக்கிறது என்ற கணக்கு அம்மாவிடந்தான் இருக்கிறது.