கேம்பர் வண்டியில் கரண்ட் போனால் எங்கே தேடுவது?



விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். காரணம், விளைவு, தீர்வு மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். ஒரு கோளாற்றைப் படிப்படியாகத் தேடிக் கண்டுபிடிப்பதை எழுதிப் பழகினால் இந்தப் பழக்கம் தானாகவே குறையும். அதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நான் மின்சாரம் படித்தவன் இல்லை. கிள்ளானில் வயர்மேனாக வேலை செய்யும் என் தம்பி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதைத்தான் இங்கே தருகிறேன்.

என் பெரியம்மா மகன் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் வண்டி ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, ஏர்கோன் எல்லாம் உண்டு. சென்ற ஜூனில் பெரியம்மாவும் பெரியப்பாவும் அங்கே போயிருந்தபோது வீட்டில் இடம் போதவில்லை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, கார் கொட்டகை சாக்கெட்டில் பிளக்கைச் செருகி, அவர்களை அதில் தூங்க வைக்கலாம் என்பது அண்ணனின் திட்டம்.

நமக்குச் சனிக்கிழமை காலை 10 மணி. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 9 மணி. தம்பிக்குப் போன் வந்தது. “தம்பி, கரண்ட் குடுத்தேன். அஞ்சு நிமிஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. திரும்பத் திரும்ப ட்ரிப் ஆகுது.”

தம்பி கேட்ட முதல் கேள்வி: “அண்ணே, எந்தக் கரண்ட் போச்சு?”

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை.

வண்டிக்குள் இரண்டு வகை மின்சாரம்

கேம்பர் வண்டியில் இரண்டு மின்சுற்றுகள் தனித்தனியாக இருக்கின்றன.

முதலாவது, வெளியிலிருந்து கேபிள் வழியாக வருவது. அமெரிக்காவில் இது 120 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். ஏர்கோன், மைக்ரோவேவ், சுவர் சாக்கெட்டுகள், மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர் ஆகியவை இதை நம்பி இருக்கின்றன.

இரண்டாவது, பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் நேர் மின்னோட்டம். விளக்குகள், தண்ணீர் பம்ப், சிறு விசிறிகள் இதில் ஓடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் என்ற பெட்டி உண்டு. அது 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி விளக்குகளுக்குக் கொடுக்கும். பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும்.

ஆகவே “கரண்ட் இல்லை” என்ற ஒரே புகாருக்கு மூன்று பொருள் இருக்கலாம்.

1. விளக்கு எரிகிறது, ஏர்கோனும் சாக்கெட்டுகளும் வேலை செய்யவில்லை: 120 வோல்ட் வரவில்லை. விளக்கு பேட்டரியில் எரிகிறது.
2. ஏர்கோன் ஓடுகிறது, விளக்கு மங்கிக்கொண்டே போகிறது அல்லது எரியவே இல்லை: வெளி மின்சாரம் சரி. கன்வெர்ட்டரிலோ, பேட்டரியிலோ, 12 வோல்ட் ஃபியூஸிலோ கோளாறு.
3. எதுவுமே இல்லை: வெளி மின்சாரமும் போய், பேட்டரியும் தீர்ந்திருக்கிறது அல்லது துண்டிக்கப்பட்டிருக்கிறது.

முதல் வகைக்காரர் கன்வெர்ட்டரை மாற்றினாலும் பயனில்லை. இரண்டாம் வகைக்காரர் வீட்டு சாக்கெட்டைக் குறை சொன்னாலும் பயனில்லை. அண்ணன் வண்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆக, தேட வேண்டியது 120 வோல்ட் பக்கம்.

மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து போங்கள்

மின்சாரம் வீட்டிலிருந்து புறப்படுகிறது. வீட்டு மெயின் பெட்டி, சாக்கெட், கேபிள், வண்டியின் பிரேக்கர் பெட்டி, கடைசியாகக் கருவிகள். தேடுகிறவரும் இதே வரிசையில் போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

வீட்டுப் பக்கம். அமெரிக்க வீடுகளில் கார் கொட்டகை, குளியலறை, வெளிப்புறம் ஆகிய இடங்களில் ஜி.எஃப்.சி.ஐ. என்ற பாதுகாப்பு சாக்கெட் இருக்கும். நம் வீட்டு ஆர்.சி.சி.பி. செய்யும் அதே வேலைதான். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சுமார் 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 30 அல்லது 100 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும். இன்னொன்று: அங்கே குளியலறையில் உள்ள ஒரு ஜி.எஃப்.சி.ஐ. கார் கொட்டகை சாக்கெட்டையும் சேர்த்துக் காக்கலாம். மெயின் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தும் கரண்ட் இல்லை என்றால், வீட்டின் மற்ற ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட்டுகளையும் பார்க்கவேண்டும்.

கேபிள். சாதாரண அமெரிக்க சாக்கெட் 15 ஆம்பியர். 15 × 120 = 1,800 வாட். 30 ஆம்பியர் வண்டி கேட்பதோ 30 × 120 = 3,600 வாட். அடாப்டர் போட்டுச் செருகினால் பிளக் பொருந்தும். ஆனால் சாக்கெட்டின் சக்தி கூடாது. ஏர்கோனும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் மோசம். வழியிலேயே வோல்ட் குறையும், வயர் சூடாகும், பிளக் உருகும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். சில வண்டிகளில் வோல்ட்டைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கும். வோல்ட் மிகக் குறைந்தாலோ கூடினாலோ அது மின்சாரத்தை உள்ளே விடாது. நல்ல மின்சாரம் வந்தாலும் சில கருவிகள் ஓரிரு நிமிடம் காத்திருந்துதான் விடும். அதைக் கோளாறு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

வண்டிப் பக்கம். பிளக்கைக் கழற்றி, வண்டியின் எல்லா பிரேக்கர்களையும் அணைத்துவிட்டு, மறுபடி செருக வேண்டும். அப்போதும் ஜி.எஃப்.சி.ஐ. விழுந்தால் கேபிளில் கோளாறு, அல்லது வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொடுகின்றன. இவை இரண்டும் வீட்டு மெயின் பெட்டியில் மட்டுமே சேரவேண்டும், வண்டிக்குள் சேரக்கூடாது. விழாவிட்டால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். எதைப் போடும்போது விழுகிறதோ, கோளாறு அந்த வழியில்.

50 ஆம்பியர் வண்டியாக இருந்தால் பிளக்கில் நான்கு முனைகள் இருக்கும். அதில் லைவ் இரண்டு. வண்டியில் பாதிக் கருவிகள் ஓடி, பாதி ஓடாவிட்டால், ஒரு லைவ் வரவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அண்ணன் எடுக்கவிருந்த குறுக்குவழி

இந்த வரிசையைத் தம்பி சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். அவருடையது பழைய வீடு. வரவேற்பறை சாக்கெட் இரண்டே துளை உள்ள பழைய வகை. எர்த் கிடையாது, ஜி.எஃப்.சி.ஐ.யும் கிடையாது. “அதுல ட்ரிப்பே ஆகாது தம்பி. மூனு முனைய ரெண்டு முனையாக்குற அடாப்டர் கைல இருக்கு. ஜன்னல் வழியா வயர இழுத்துர்றேன்.”

“அண்ணே, அந்த அடாப்டரத் தொடாதீங்க!” என்று தம்பி போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

ஏன் அந்தச் சத்தம்? கேம்பர் வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. உள்ளே ஒரு கருவியில் லைவ் கம்பி கசிந்தால், எர்த் வயர்தான் அந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போகும் வழி. எர்த் இல்லாவிட்டால் வண்டியின் உலோக உடம்பு முழுவதும் 120 வோல்ட் நிற்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும், ஏர்கோன் ஓடும். அதிகாலையில் பெரியம்மா வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்று கதவுப் பிடியைத் தொடும்போது, எர்த்துக்குப் போகும் வழி அவர் உடம்புதான். துண்டிப்பதற்கு ஜி.எஃப்.சி.ஐ.யும் இருக்காது.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். ட்ரிப் ஆவது கோளாறு இல்லை. எங்கோ கோளாறு இருக்கிறது என்பதற்கான செய்தி. அண்ணன் அடைக்கப் பார்த்தது அந்தச் செய்தியின் வாயை.

அன்றிரவு பெரியம்மாவும் பெரியப்பாவும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மறுநாள் காலையில் அண்ணன் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கன்வெர்ட்டர், சரி. மைக்ரோவேவ், சரி. வாட்டர் ஹீட்டர் போட்டதும் ‘டக்’. முந்திய நாள் “எல்லாம் வேலை செய்யுதான்னு பார்ப்போம்” என்று எல்லாச் சுவிட்சையும் தட்டியிருக்கிறார். ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீரில்லாமல் சூடேறிய கம்பிச்சுருள் ஐந்து நிமிடத்தில் எரிந்து, உறை வெடித்து, மின்சாரம் கசியத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பிரேக்கரை மட்டும் அணைத்து வைத்ததும் மற்றவை ஒழுங்காக ஓடின. சுருளைப் பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

புதிய சாக்கெட் போடுமுன்

15 ஆம்பியரில் ஏர்கோனை நிம்மதியாக ஓட்ட முடியாது என்பதால், வீட்டு வெளிச்சுவரில் 30 ஆம்பியர் சாக்கெட் போட அண்ணன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்தார். அவர் வந்ததும், “30 ஆம்பியரா? அப்படின்னா 240 வோல்ட்தான்” என்றாராம்.

வீட்டில் இணைக்கப்படும் கேம்பர் வண்டிகளுக்கு நேரும் பெரிய விபத்து இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க வீடுகளுக்கு இரண்டு லைவ் கம்பிகள் வருகின்றன. ஒரு லைவும் நியூட்ரலும் சேர்ந்தால் 120 வோல்ட்; இரண்டு லைவும் சேர்ந்தால் 240 வோல்ட். துணி காயவைக்கும் இயந்திரத்துக்கான 30 ஆம்பியர் சாக்கெட் 240 வோல்ட். கேம்பருக்கான 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட். பழைய வகை என்றால் இரண்டுக்கும் மூன்று துளைகள். பழைய வகை சாக்கெட்டோடு பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி. பழக்கத்தில் 240 கொடுத்துவிட்டால், செருகிய அடுத்த நொடி கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், தொலைக்காட்சி எல்லாம் கருகலாம். ஆகவே புதிதாகப் போட்ட சாக்கெட்டில் செருகியதும் கரண்ட் போயிருந்தால், மறுபடி செருகிப் பார்க்கவே கூடாது. மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் அடுத்த வேலை. லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 120, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய சுழியம். விளக்கைச் செருகிப் பார்ப்பது போதாது. மின்சாரம் இருக்கிறதா என்று விளக்கு சொல்லும். எவ்வளவு என்று மீட்டர்தான் சொல்லும்.

அண்ணன் வண்டியின் கையேட்டை எடுத்துக் காட்டினார். எலக்ட்ரீஷியனும் 120 வோல்ட்டுக்கே இணைத்து, அளந்து காட்டிவிட்டுப் போனார். பெரியம்மா மீதி இரண்டு வாரமும் வண்டியில்தான் தூங்கினார். ஏர்கோன் குளிர் அதிகம் என்று புகார் வேறு.

நம் நாட்டிலும் கேம்பர்வேன் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே 13 ஆம்பியர் மூன்று முனை பிளக், 230 வோல்ட் என்பதால் அந்த 120, 240 குழப்பம் வராது. எர்த், கசிவு, மெல்லிய வயர் ஆகியவை இங்கேயும் அதே ஆபத்துதான். மாணவர்களே, மெயின் பெட்டியையோ சாக்கெட்டையோ நீங்கள் திறக்கவேண்டாம். அது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை.

வகுப்பறைக்கு

பேச்சில் “ட்ரிப் ஆயிருச்சு” என்போம்; கட்டுரையில் “மின்சாரம் துண்டிக்கப்பட்டது” என்று எழுதலாம். “கரண்ட் லீக் ஆகுது” என்பதை “மின்கசிவு ஏற்படுகிறது” என்றும், “எர்த் வயர்” என்பதைப் “புவிக்கம்பி” என்றும் எழுதலாம்.

1. “எந்தக் கரண்ட் போச்சு?” என்ற கேள்வி தேடும் வேலையை எப்படிச் சுருக்கியது?
2. வரவேற்பறை சாக்கெட்டில் செருகியிருந்தால் வண்டி வேலை செய்திருக்கும். அப்படியிருந்தும் அது ஏன் தீர்வாகாது? இரண்டு காரணம் தருக.
3. பிரேக்கர்களை ஒன்றாகப் போடாமல் ஒவ்வொன்றாகப் போட்டதன் நோக்கம் என்ன?
4. உங்கள் வீட்டில் ஒரு கருவி பழுதானதையும், காரணம் கண்டுபிடிக்கப்பட்டதையும் 150 சொற்களில் விளக்கி எழுதுக. அறிகுறி, சோதனை, காரணம், தீர்வு ஆகிய நான்கும் தனித்தனிப் பத்திகளில் வரட்டும்.

ஆசிரியர்களே, நான்காம் கேள்விக்கு மாணவர்கள் எழுதுவதைத் திருத்தும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே தீர்வைச் சொல்லிவிட்டார்களா? என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அண்ணன் கதையைச் சொன்ன பிறகு, இரண்டாம் முறை அவர்களே திருத்தி எழுதினார்கள்.