உள்ளாட்சியில் இளமையும் தலைமையும்

ஊராளும் பொறுப்பினை இளையோர் ஏற்கலாமா என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. அதற்கு இலக்கியம் ஒரு விடையும் கல்வெட்டு மற்றொரு விடையும் தருகின்றன. அவ்விரண்டனையும் ஈண்டு ஒப்புநோக்குவோம்.

இளைஞனாகிய அரசன் வழக்கின் முடிவு காணமாட்டான் என்று ஐயுற்ற முதியோர் உவக்குமாறு, சோழன் ஒருவன் நரைமுடி பூண்டு முறை செய்தான் எனப் பழமொழி நானூறு கூறும். அவனைக் கரிகாலன் என்பர். குலத்தொழில் கல்லாமலே கைவரும் என்பது அச்செய்யுள் ஆளும் பழமொழி. எனவே, அவன் தகுதி பிறப்பால் வந்தது. நரைமுடி பிறர் ஐயத்தை நீக்குதற்கு மட்டுமே பயன்பட்டது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் நெறி வேறு. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இல், வாரியம் செய்வார்க்கு 30 முதல் 60 வரை வயது வரையறுக்கப்பட்டது; 921-இல் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரும், அறிவாலும் வயதாலும் மூத்தாருமாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்தில் அமர்த்தப்பெற்றனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இங்குத் தலைமை, குலவழியாக வாராது பணிவழியாகப் பயிலப்படுவதாயிற்று.

அந்நெறியின் எல்லையையும் மறத்தலாகாது. அது சதுர்வேதிமங்கலமாகிய பிராமணர் ஊரின் அவை. இறைநிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடையார்க்கே உரியது. ஏனையோர்க்கு அதில் இடமில்லை. 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தமோ, 21 வயது நிரம்பியவரை இளமை காரணமாக விலக்கலாகாது என்றும், பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்கள் வேண்டும் என்றும் வகுத்தது.

இவ்வாறு ஊராட்சிக்கு வரும் இளையோர் பலர்க்குக் குலவிச்சையும் இல்லை. படிமுறைப் பயிற்சியும் இல்லை. அந்நிலையில் தந்தையோ கணவனோ பின்னின்று ஆள்வதும் உண்டு. அஃது இக்காலத்து நரைமுடி என்றே கூறலாம். சோழனுக்கோ நரை பொய்யாயினும் தீர்ப்பு அவனுடையதாக இருந்தது. பின்னின்று ஆளப்படுவார்க்குத் தீர்ப்பும் பிறருடையதாகிவிடுகின்றது.

ஆகவே, உத்திரமேரூரின் வயதெல்லையை இன்று நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. சிறு பொறுப்பிற் பயின்று பெரும் பொறுப்பினை ஏற்றலும், கணக்குக் காட்டலுமே கொள்ளத்தக்கன. கிராம சபையின்முன் ஊரின் வரவு செலவினைத் தாமே விளக்கவல்ல இளையோர்க்கு நரைமுடி வேண்டா என்பது எம் துணிபு.