40 ஆண்டுகள் பிடிபடாத பூட்டு: புழுவைக் கொல்லும் அந்த மாத்திரை வேலை செய்வது எப்படி?

ஒரு மாத்திரை நோயைக் குணப்படுத்துகிறது. ஆனால், எப்படிக் குணப்படுத்துகிறது என்று அதைத் தயாரிப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. பிராசிகுவாண்டல் என்ற மருந்தின் கதை ஏறக்குறைய 40 ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது.

1970களில் ஜெர்மனியின் பேயர், மெர்க் நிறுவனங்கள் உருவாக்கிய மருந்து இது. ரத்தக் குழாய்க்குள் குடியிருக்கும் தட்டைப்புழுக்களை விரட்ட இன்றுவரை கோடிக்கணக்கானோர் இதை விழுங்குகிறார்கள். ஆனால், புழுவின் உடலில் இது எந்த இடத்தைத் தாக்குகிறது என்ற கேள்விக்கு 2019இல்தான் தெளிவான விடை கிடைத்தது. விடையைக் கண்டுபிடித்தது, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியின் ஜொனாதன் மார்ச்சன்ட் தலைமையிலான குழு.

‘அதான் வேலை செய்யுதே, எப்படின்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?’ என்று தோன்றலாம். சிக்கல் என்னவென்றால், இந்த நோய்க்கு நடைமுறையில் கையில் இருப்பது இந்த ஒரே மருந்துதான். இது கைவிட்டால் அடுத்து எடுக்க வேறு மாத்திரை இல்லை.

அது என்ன நோய்?

நோயின் பெயர் ஷிஸ்டோசோமியாசிஸ். நன்னீர் நத்தைகள் மூலம் பரவுவதால் ‘நத்தைக் காய்ச்சல்’ என்றும் சொல்வார்கள். நத்தையிலிருந்து வெளியேறும் புழுவின் இளம் வடிவம், தண்ணீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பிறகு குடல் அல்லது சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது.

உண்மையான தொல்லை புழுவை விட அதன் முட்டைகளால்தான். உடலை விட்டு வெளியேறாத முட்டைகள் கல்லீரலிலும் சிறுநீர்ப்பையிலும் சிக்கிக்கொண்டு திசுக்களைப் பாழாக்குகின்றன. குழந்தைகளுக்கு ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைபாடும் வருகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் 25 கோடிக்கும் அதிகமானோருக்குத் தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டது. கிடைத்ததோ சுமார் 7.5 கோடிப் பேருக்கு மட்டுமே. தேவைப்படுவோரில் 90 சதவீதத்தினராவது ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள்.

மாத்திரை போட்டதும் புழுவுக்கு என்ன ஆகும்?

இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். மருந்து பட்ட சில நொடிகளில் புழுவின் செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. தசைகள் இறுகிப்போய் புழு விறைத்துவிடுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரைப் பற்றியிருந்த பிடி நழுவுகிறது. மேல்தோல் சிதைவதால், அதுவரை ஒளிந்திருந்த புழு நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் பட்டுவிடுகிறது.

ஆனால், கால்சியம் உள்ளே வரக் கதவைத் திறந்துவிடுவது எது? அதுதான் புரியாமல் இருந்தது.

இரண்டு தலைப் புழு தந்த துப்பு

மார்ச்சன்ட்டின் துறை, செல்களுக்குள் கால்சியம் கடத்தும் சிக்னல்கள். வெளியிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ‘ஏற்பி’ என்ற புரதத்தில் வந்து பொருந்துகிறது. சாவி பூட்டில் நுழைவதுபோல. உடனே உள்ளே செய்தி போகிறது. ஏற்பிகளில் சில, தாமே கதவாகவும் இருக்கும். அவற்றுக்கு ‘அயனி சேனல்’ என்று பெயர்.

அவரது குழு பிளனேரியா என்ற, தீங்கில்லாத தட்டைப்புழுவை வைத்து ஆராய்ந்துவந்தது. அதை வெட்டினால், நடுத்துண்டின் ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் வாலும் மீண்டும் முளைக்கும். ஆனால், வெட்டிய துண்டை பிராசிகுவாண்டலில் ஊறவைத்தால் இரண்டு பக்கமும் தலை முளைத்தது. 2009இல் வெளியான இந்த ஆய்வு, மருந்து புழுவின் கால்சியம் சிக்னலையே தடம்மாற்றுகிறது என்று காட்டியது. ஆனாலும், மருந்து நேரடியாகப் போய் உட்காரும் இடம் பிடிபடவில்லை.

2017இல் இன்னொரு திருப்பம். இந்த மருந்து மனித உடலில் உள்ள ஒரு செரோடோனின் ஏற்பியையும் ஓரளவு தூண்டுகிறது என்று அதே குழு கண்டறிந்தது. அதாவது, புழுவை மட்டுமல்ல, புழு குடியிருக்கும் ரத்தக் குழாயையும் மருந்து தொடுகிறது.

பூட்டு கிடைத்தது

அடுத்து அவர்கள் பார்வை ‘டிஆர்பி’ என்ற சேனல் குடும்பத்தின் பக்கம் திரும்பியது. இந்தக் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். மிளகாய் கடித்தால் எரிவதும், மென்தால் பட்டால் ஜில்லென்று இருப்பதும் இந்தக் குடும்பத்துச் சேனல்களால்தான். காரத்தை உணரும் சேனலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புழுவின் மரபணுவிலிருந்து இந்தச் சேனல்களில் ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்லில் பொருத்தினார்கள். பிராசிகுவாண்டலைச் சேர்த்ததும் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்தது. மிகக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பூட்டு இதுதான் என்று 2019இல் அறிவித்தார்கள். மென்தாலை உணரும் சேனலுக்கு நெருங்கிய உறவு என்பதால் இதற்கு ‘டிஆர்பிஎம்-பிஇசட்க்யூ’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே ஒரு அமினோ அமிலம்

இதில் இன்னொரு பழைய புதிருக்கும் விடை இருந்தது. ஆடு, மாடுகளைத் தாக்கும் கல்லீரல் தட்டைப்புழுவிடம் மட்டும் பிராசிகுவாண்டல் செல்லுபடியாகாது. ஏன்?

2021இல் மார்ச்சன்ட் குழு, மருந்து போய் உட்காரும் குழியையே படம்பிடிப்பதுபோல விவரித்தது. மற்றப் புழுக்களில் அந்தக் குழியின் ஒரு முக்கியமான இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரல் புழுவில் அதே இடத்தில் திரியோனின். அந்த ஒன்றை மட்டும் மாற்றியதும், அதுவரை அசையாத கல்லீரல் புழுவின் சேனல் மருந்துக்குப் பணிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கவலை எங்கே?

ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து தோற்கும் என்றால், ரத்தப் புழுக்களிலும் அப்படி ஒரு மாற்றம் வந்தால் என்ன ஆகும்? அதே 2021இல், அமெரிக்காவின் டெக்சாஸ் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தனிக்குழு ஒன்று, மரபணு வழியாக இதே சேனலை வந்தடைந்தது. அவர்கள் பிரித்தெடுத்த, மருந்துக்கு மடங்கும் புழுக்களுக்கும் மடங்காத புழுக்களுக்கும் இடையே குறைந்தது 377 மடங்கு வித்தியாசம் இருந்தது. இரு வேறு பாதைகளில் போனவர்கள் ஒரே வாசலில் சந்தித்ததால், விடையின் மீது நம்பிக்கை கூடியது.

ஆறுதலான செய்தி, சேனலையே செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் இயற்கையில் இப்போதைக்கு மிக அரிது. ஆனால், மெர்க் நிறுவனம் ஆண்டுக்கு 25 கோடி மாத்திரைகள் வரை நன்கொடையாகத் தருகிறது. இவ்வளவு பேருக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவரும்போது கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. எந்த மரபணுவைக் கண்காணிக்க வேண்டும் என்று இப்போது தெரியும் என்பதே பெரிய லாபம்.

இனி என்ன?

பிராசிகுவாண்டலுக்கு வேறு குறைகளும் உண்டு. உடலுக்குள் புகுந்து சில வாரங்களே ஆன இளம் புழுக்களை அது சரியாகக் கொல்லாது. மாத்திரையோ பெரியது, கசப்பானது. சிறு குழந்தைகளுக்கென உருவான ஆர்பிராசிகுவாண்டலுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2023 டிசம்பரில் சாதகமான கருத்து வழங்கியது. பிராசிகுவாண்டல், வலது கை இடது கைபோல இரண்டு வடிவங்களின் கலவை. புழுவின் பூட்டில் சரியாகப் பொருந்தும் வடிவத்தை மட்டும் வைத்துத் தயாரித்ததுதான் இந்தப் புதிய மருந்து.

இன்னொரு பக்கம், மெக்லோனசெபம் என்ற பழைய மருந்தும் இந்தப் புழுக்களைக் கொல்லும். ஆனால், மனிதர்களுக்குத் தூக்கக் கலக்கம் வந்துவிடுவதால் அது ஓரங்கட்டப்பட்டது. அது திறப்பது புழுவிலுள்ள வேறொரு டிஆர்பிஎம் சேனலை என்று மார்ச்சன்ட் குழு 2024இல் காட்டியது. பூட்டு தெரிந்துவிட்டதால், தூக்கம் வராத சாவியைச் செதுக்கிப் பார்க்க வழி பிறந்திருக்கிறது.

இது இந்தியாவுக்குச் சம்பந்தமில்லாத கதையும் அல்ல. இங்கே வலிப்பு நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மூளையில் தங்கும் பன்றி நாடாப்புழுவின் இளம் வடிவம். அந்தப் புழுவுக்கு எதிராகப் பயன்படும் மருந்துகளிலும் பிராசிகுவாண்டல் ஒன்று.